கேப்டனைக் கடத்திய ஆட்டோபைலட்

குற்றவாளி வாயைத் திறக்கவில்லை. அதற்கு வாயே கிடையாது. கைப்பேசி அகலத்துக்கு ஒரு கறுப்பு முகம், அதில் சில பொத்தான்கள். மூக்கு உடைந்த செஸ்னா விமானத்தின் முன்பலகையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"ஆளைக் கடத்துற மூஞ்சியா இது?" என்றான் நெவில் பாஸ்கோ. "எங்க வீட்டு மைக்ரோவேவ் இதைவிட வில்லத்தனமா இருக்கும், பாஸ்."

இர்மா நோஸ்கே குனிந்து பொத்தான்களை எண்ணினார். போலீஸில் இருந்த காலமெல்லாம் ஆட்டுத் திருடர்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்றபின் வாரின்யப் ஊரில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். ஆடுகளுடனே பழகியதால் அவசரமாகப் பேசும் பழக்கம் போய்விட்டது. நெவில் அவருக்குக் கார் ஓட்டத்தான் சேர்ந்தான். வாய் அவனை உதவியாளன் ஆக்கியது.

வழக்கு எளிமையானது. அதனால்தான் அது வேடிக்கையாக இருந்தது. போன ஞாயிறு காலை, வாரின்யப் விமானச் சங்கத்தின் கேப்டன் மெர்வின் ஹாப்குட், கெர்ரபின் ஊரில் நடந்த பறக்கும் போட்டிக்குக் கிளம்பினார். போட்டியின் பெயர் 'வழி கண்டுபிடித்தல்'. ஹாப்குட் அதற்கு நிரந்தர நடுவர். நடுவர் மட்டும் போய்ச் சேரவில்லை. நடு வழியில் ஆட்டோபைலட் தன் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கி, இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், யாரோ ஒரு விவசாயியின் மைசூர்ப் பருப்பு வயலில் தன்னைக் குத்தவைத்துவிட்டதாகப் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். முன்சக்கரம் முறிந்தது. ஹாப்குட்டுக்குக் கௌரவத்தில் மட்டும் சிராய்ப்பு.

அந்த ஆட்டோபைலட்டைப் பொருத்தியவள் மார்னி கெல்லாவே. சுற்றுவட்டாரத்தில் சின்ன விமானங்களை ரிப்பேர் செய்ய அவள் ஒருத்திதான். இப்போது விமானக் கொட்டகையான தன் ஹேங்கரில், எண்ணெய்த் துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். விமானத் துறை அதிகாரி டோலன் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். 'பொருத்தியதில் கோளாறு' என்று அவர் எழுதிவிட்டால் அவளுடைய உரிமம் போகும். உரிமம் போனால் ஹேங்கரும் போகும்; அது சங்கத்தின் சொத்து, சங்கம் ஹாப்குட்டின் கைக்குள்.

"மார்னி, இது இடது பக்கம் இழுத்திருக்க முடியுமா?" என்றார் இர்மா.

"முடியாது."

"முடியாதுன்னு நினைக்கிறியா, முடியாதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

மார்னி துணியை இன்னொரு முறுக்கு முறுக்கினாள். "அதைச் சொல்ல முடியாது, இர்மா."

"பிரமாதம்," என்றான் நெவில். "எதிர்க்கட்சிக்காரர் பேசிக்கிட்டே இருக்கார், எதிரி மெஷின் பேசாது, நம்ம கட்சிக்காரி பேச மாட்டேங்கிறா. நாம மூணு பேரும் ஊமை நாடகம் போட்டுடலாம்."

இர்மா செஸ்னாவுக்குள் ஏறி உட்கார்ந்தார். பிறகு இறங்கி, பக்கத்தில் நின்ற பல்டாக்டர் ஸ்டப்ஸின் நீல விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். சோபா வாங்க வந்தவர் மாதிரி இரண்டிலும் சாய்ந்து பார்த்தார்.

"மெத்தை எப்படி, பாஸ்?"

"டாக்டருது நல்லா இருக்கு. ஸ்டீயரிங்ல கட்டைவிரலுக்குக் கீழ சிவப்பா ஒரு பொத்தான்கூட இருக்கு."

மார்னியின் கையில் துணி அசையாமல் நின்றது. நெவில் அதைப் பார்த்தான். இர்மா பார்த்ததையும் பார்த்தான். ஆனால் இர்மா மேலே கேட்கவில்லை. காரை எடு என்று தலையை அசைத்தார்.

*

பறக்கும் விமானங்களின் பாதையைக் காட்டும் இணையதளத்தை நெவில் ஏற்கெனவே துருவி வைத்திருந்தான். ஹாப்குட்டின் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் கைப்பேசியில் ஒரு கோடாகக் கிடந்தது. வாரின்யப்பிலிருந்து நேராக ஒரு கோடு. பிறகு மின்டில் என்ற ஊரின் தலைக்கு மேல் ஒரு சுழி. அங்கிருந்து இடது பக்கம் இன்னொரு நேர்க்கோடு, பருப்பு வயலில் முடிந்தது.

"பைத்தியம் பிடிச்ச மெஷின் இவ்ளோ நேரா போகுமா?" என்றார் இர்மா.

"எங்க மாமாவுக்குப் பைத்தியம் பிடிச்சப்பகூட கடைக்கு நேராத்தான் போவார்."

"அந்தச் சுழி ஏன் மின்டில்ல விழுந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல. அங்க என்ன இருக்கு? மூடின பேங்க், மூடப்போற ஸ்கூல், நினைச்சா திறக்கிற பப். அப்புறம் கோதுமை கொட்டி வைக்கிற அந்த உசரமான சைலோ. வானத்துல போறவன் திரும்பிப் பார்க்க ஒண்ணுமில்ல."

ஒன்று இருந்தது. ஊர் எல்லையைத் தொடும் முன்பே தெரிந்தது. ரயில்பாதையோரம் சாம்பல் நிறத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்த சைலோவின் மேல், ஏழு மாடி உயரத்துக்கு ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. ஆடு மேய்க்கும் கெல்ப்பி நாய். ஒரு காது மட்டும் இன்னும் வரவில்லை. அந்தக் காது வரவேண்டிய இடத்தில், லிஃப்ட் வண்டியின் கூண்டில் நின்று ஒரு பெண் தூரிகை வீசிக்கொண்டிருந்தாள்.

இர்மா கீழிருந்து கையாட்டினார். கூண்டு முனகிக்கொண்டே இறங்கியது. அவள் பெயர் பிப். மெல்போர்னிலிருந்து வந்திருந்தாள். புருவத்தில்கூடப் பழுப்புப் பெயிண்ட்.

"நாய் நல்லா இருக்கு," என்றார் இர்மா.

"பப்புல ஒருத்தர் ஓநாய்னார். இன்னொருத்தர் அவரோட முதல் பொண்டாட்டின்னார். நீங்கதான் முதல்ல நாய்னு சொன்னது."

"போன ஞாயித்துக்கிழமை இங்க இருந்தியாம்மா? மஞ்சள் வால் வச்ச பிளேன் ஒண்ணு..."

"அந்தத் தொப்பிக்காரரா!" பிப் கூண்டிலிருந்து குதித்தாள். "மேலதான் நின்னேன். என் மூஞ்சிக்கு நேரா வந்தார். கீழ விழுந்துடுவேன்னு நினைச்சேன். சைலோவை ஒரு சுத்து சுத்தினார். தொப்பியைக் கழட்டி ஆட்டினார், ஓட்டுக் கேட்க வந்த மாதிரி. அப்புறம் இடது பக்கம் திரும்பிப் போயிட்டார்."

"ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டின மாதிரி இருந்துச்சா?"

"மல்லுக்கட்டா? ஒரு கையில தொப்பி, இன்னொரு கையில சாசேஜ் ரோல்."

நெவிலின் முகம் விழுந்தது. "போச்சு. ரெண்டு கையிலயும் சாமான் இருந்தா ஓட்டினது யாரு? மெஷின்தானே? பாஸ், இந்தப் பொண்ணு மார்னியைத் தூக்குல போட்டுட்டா."

"முழங்கால்," என்றார் இர்மா.

"என்னது?"

"இந்தப் பக்கம் விதைக்கிறவன் எவன் டிராக்டரைக் கையால ஓட்டறான்? ஒரு கையில போன், ஒரு கையில டீ, முழங்கால்ல ஸ்டீயரிங். ஹாப்குட் முதல்ல விவசாயி. அப்புறம்தான் கேப்டன்." இர்மா சைலோவை அண்ணாந்து பார்த்தார். "நெவில், கெர்ரபின்ல இருக்கிற உங்க அத்தை வீட்டுக்கு எப்படிப் போவே?"

"இது என்ன கேள்வி? ரயில்பாதையோடவே போய், பெயிண்ட் அடிச்ச சைலோகிட்ட இடது பக்..."

அவன் வாய் பாதியில் நின்றது. இர்மாவிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது இரண்டாவது தடவை.

பெயிண்ட் அடித்த சைலோ என்றால் அந்த வட்டாரத்தில் ஒன்றுதான். டல்லாக் ஊரில், அடுத்த சைலோவில், ஆட்டுரோமம் கத்தரிக்கும் ஆளின் படம் பல வருடமாக நின்றது. தரையில் போனாலும் வானத்தில் போனாலும் எல்லோரும் அங்கேதான் இடது பக்கம் திரும்புவார்கள். வரைபடம் கேட்கும் விருந்தாளிக்கும் அதைத்தான் சொல்வார்கள். மின்டில் அதற்கு ஒரு ஊர் முன்னால் இருந்தது.

"நீ எப்ப ஆரம்பிச்சே, பிப்?"

"குளிர்காலம் முடியறப்ப."

"ஹாப்குட் குளிர்காலம் பூரா மெல்போர்ன் ஆஸ்பத்திரியில," என்றார் இர்மா. "இடுப்பு எலும்பு ஆபரேஷன். வந்து முதல் தடவையா போன ஞாயிறுதான் பறந்தார். மின்டிலுக்கு நாய் வந்த விஷயம் அவருக்கு யாரும் சொல்லல."

"சரி பாஸ், ஆனா ஆளுக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதா?"

"போன வாரம் வெறும் பழுப்புத் திட்டுதாங்க!" பிப்புக்குக் கோபம் வந்துவிட்டது. "அடிப்பூச்சு மட்டும்தான் இருந்துச்சு. நாயாவும் தெரியும், குனிஞ்ச ஆளாவும் தெரியும். முடியாத வேலையை வச்சு ஜட்ஜ் பண்ணாதீங்க."

"அவர்தாம்மா ஜட்ஜ்," என்றான் நெவில். "வழி கண்டுபிடிக்கிற போட்டிக்கு."

டல்லாக் சைலோவிலிருந்து இடது பக்கம் போனால் கெர்ரபின் விமான ஓடுபாதை வரும். மின்டிலிலிருந்து அதே தூரம் இடது பக்கம் போனால், இரண்டு பருப்பு வயல்களுக்கு நடுவே நேராக ஒரு வண்டிப்பாதை வரும். ஹாப்குட் அதில் நம்பிக்கையோடு இறங்கியிருக்கிறார். பாதையின் கடைசியில் வாய்க்கால் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஓடுபாதைகளில் வாய்க்கால் வெட்டும் வழக்கம் இல்லை.

"ஆட்டோபைலட்டுக்கு ஓவியம் பார்க்கத் தெரியாது," என்றார் இர்மா காரில் ஏறிக்கொண்டே. "படத்தைப் பார்த்துத் திரும்பறவன் மனுஷன்."

நெவில் விசிலடித்தான். "அப்ப வழக்கு முடிஞ்சுது. மார்னி தப்பிச்சா."

"அந்தச் சிவப்புப் பொத்தான் பாக்கி இருக்கு," என்றார் இர்மா.

*

சங்கத்தின் முன்னால் சனிக்கிழமை விருந்துக்கான அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாசேஜும் வெங்காயமும் புகைந்தன. நடுவில் நின்று ஹாப்குட் இடுக்கியை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் வலது பக்கம் இழுக்கறேன், அது இடது பக்கம் இழுக்குது. அசுர பலம்ப்பா அதுக்கு!" கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ரொட்டியைக் கடிக்க மறந்தார்கள். அதிகாரி டோலன் ஓர் ஓரத்தில், தட்டோடு, முகத்தில் எதையும் காட்டாமல் நின்றார்.

இர்மா ஹேங்கரின் பின்பக்கம் போய் மார்னியைப் பிடித்தார்.

"ஆட்டோபைலட் வச்ச எல்லா பிளேன்லயும் ஸ்டீயரிங்ல அந்தச் சிவப்புப் பொத்தான் இருக்கணும். மெஷின் வம்பு பண்ணா ஒரே அமுக்குல அதை நிறுத்த. டாக்டர் பிளேன்ல இருக்கு. கேப்டன் பிளேன்ல இல்ல. நீ மறக்கிற ஆளில்ல. அப்ப அங்க நிறுத்த ஒண்ணுமே இல்ல, அப்படித்தானே?"

மார்னி பெருமூச்சு விட்டாள். அழுகிற மாதிரி இல்லை. மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

"அது வெறும் மூஞ்சி, இர்மா. கடைக் கண்ணாடிக்குள்ள வைக்கிற மாடல். லைட் எரியும், அவ்ளோதான். உள்ள மோட்டார் கிடையாது, கம்பி கிடையாது. டாக்டர் போட்டுக்கிட்டார், மாட்டு டாக்டர் கார்மடி போட்டுக்கிட்டார், கேப்டனுக்கு மட்டும் இல்லன்னா நல்லாவா இருக்கும்? ஆனா அவருக்குப் பயம். 'மூஞ்சியை மட்டும் வை கண்ணு, கை கால் எதுவும் வேண்டாம், யாருக்கும் தெரிய வேண்டாம்'னார். அதே மூச்சுல ஹேங்கர் குத்தகை முடியப்போறதை ஞாபகப்படுத்தினார்."

"நீயும் வச்சே."

"வச்சேன். அனுமதியில்லாத பொருள். எங்கயும் எழுதல. இப்ப நான் உண்மையைச் சொன்னா அதுக்கே உரிமம் போகும். சொல்லலன்னா, ஒழுங்கா மாட்டலன்னு போகும்."

நெவிலுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். இல்லாத மெஷின் ஒரு மனிதனைக் கடத்தியிருந்தது. அதைப் பொருத்தாத குற்றத்துக்காக, சரியாகப் பொருத்தவில்லை என்று ஒருத்தி மாட்டியிருந்தாள்.

"நீ செய்யாத தப்பிலிருந்து நான் உன்னைக் காப்பாத்துறேன்," என்றார் இர்மா. "செஞ்ச தப்பு உன் பாடு."

அவர் நேராக அடுப்புக்குப் போய் ஹாப்குட்டின் முழங்கையைத் தொட்டார்.

"கேப்டன், மின்டில் போய்ட்டு வரேன். நாய் உங்களை விசாரிச்சுச்சு."

இடுக்கியிலிருந்த சாசேஜ் தரையில் விழுந்தது.

"ரெண்டு கதை இருக்கு," இர்மா குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு, தப்பான சைலோவைப் பார்த்துத் திரும்பிட்டீங்க. இன்னொண்ணு, உங்க ஆட்டோபைலட் ஒரு பொம்மை. எது வேணுமோ எடுத்துக்குங்க. எடுக்கலன்னா, டோலனைக் கூட்டிக்கிட்டுப் போய், உங்க ஸ்டீயரிங்ல இல்லாத அந்தச் சிவப்புப் பொத்தானை எல்லார் முன்னாடியும் அமுக்கிக் காட்டச் சொல்லுவேன்."

"என் மானம் போயிடும்மா."

"ரெண்டுலயும் போகும். எதுல கம்மியாப் போகும்னு நீங்கதான் பார்க்கணும்."

ஹாப்குட் அடுப்பையும் டோலனையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்குப் போடுகிறார் என்று நெவிலுக்குத் தெரிந்தது. பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்கப்பா." இடுக்கியைக் கீழே வைத்தார். "அது... மெஷின் மேல தப்பில்ல. நான்தான் மின்டில்கிட்ட திரும்பிட்டேன். படம் இருந்துச்சா... டல்லாக்னு நினைச்சுட்டேன்."

நெவில் சிரிப்பு வெடிப்பதற்காகக் காத்திருந்தான்.

"நான்கூட," என்றார் பல்டாக்டர் ஸ்டப்ஸ், தட்டைப் பார்த்துக்கொண்டு. "போன செவ்வாய்க்கிழமை. சமாளிச்சு வந்துட்டேன்."

"நான் ரெண்டு தடவை," என்றார் கால்நடை மருத்துவர் கார்மடி. "ரெண்டாவது தடவை பக்கத்துல மாமியார் வேற."

"எந்தப் படுபாவி அந்த நாயை அங்க வரைஞ்சான்?" என்றார் இன்னொருவர். ஒரே நிமிடத்தில் சங்கம் முழுவதும் நாயைத் திட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஹாப்குட்டின் கையில் பீரைத் திணித்தார். இன்னொருவர் தோளில் தட்டினார்.

நெவிலுக்கு இது நியாயமாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமையே இதைச் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் ஒரு சுற்று பீரோடு முடிந்திருக்கும். இந்த மனிதர் அதற்குப் பதிலாக ஒருத்தியின் பிழைப்பை எரிக்கப் பார்த்தார். அவருக்குத் தோளில் தட்டு.

டோலன் ஃபைலைத் திறந்து, 'விமானி வழி தவறினார்' என்று எழுதி, மூடினார்.

"அப்ப நான் பிளேனைப் பார்க்க வேண்டியதில்ல," என்றார்.

மார்னி இரண்டடி முன்னால் வந்தாள்.

"வேண்டாம், வேண்டாம், வேண்டாம்," என்று நெவில் பல்லுக்குள் சொன்னான். "வாயை மூடு பொண்ணே, ஜெயிச்சாச்சு."

"பார்க்கணும், மிஸ்டர் டோலன்," என்றாள் மார்னி. "கேப்டன் பிளேன்ல இருக்கிறது ஆட்டோபைலட் இல்ல. பொம்மை. நான்தான் வச்சேன். தெரிஞ்சே வச்சேன். இன்னைக்கு விட்டா அப்புறம் என்னால எந்த பிளேன்லயும் கையெழுத்துப் போட முடியாது."

இந்த முறை யாரும் 'நான்கூட' என்று சொல்லவில்லை. ஹாப்குட் பீரைக் கீழே வைத்தார். வழி தவறியவனை மன்னிக்க ஊரே இருந்தது. மார்னி தனியாக நின்றாள்.

அப்போது ஸ்டப்ஸ் தொண்டையைச் செருமினார். முகம் அவருடைய நாற்காலியில் உட்காரும் நோயாளியின் முகம் மாதிரி இருந்தது.

"மார்னி... என்னுது?"

"உங்களுது அசல், டாக்டர். போன கோடையில போட்டது. ஏன் கேக்கறீங்க? அது ஓட்டும்போது நீங்க குறுக்கெழுத்துப் போடுவேன்னு சொன்னீங்களே?"

ஸ்டப்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஹேங்கர் பக்கம் நடந்தார். நடை ஓட்டமானது. கார்மடி அவருக்குப் பின்னால் ஓடினார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர்.

"ஐயையோ," என்றான் நெவில் பரவசமாக. "பாஸ், இவங்க யாருமே இதுவரைக்கும் அதை ஆன் பண்ணினதே இல்ல!"

ஹேங்கருக்குள் நாலு விமானங்களிலும் கதவுகள் திறந்தன. நாலு பெரிய மனிதர்கள், ஒரு வருடமாகப் பீர் மேசையில் புகழ்ந்த ஆட்டோபைலட்டை இயக்கும் பொத்தானை முதல் தடவையாக விரலால் தொட்டார்கள். ஸ்டப்ஸின் ஸ்டீயரிங் தானாக மெதுவாகத் திரும்பியது. அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு இருக்கையில் ஒடுங்கினார். கார்மடி அலறியே விட்டார். கழுதைக்கு ஊசி போடும் ஆள்.

டோலன் ஒவ்வொரு விமானமாகப் போனார். இறக்கைக்குள் டார்ச் அடித்தார், ஸ்டீயரிங்கைக் கையால் இறுக்கிப் பிடித்துப் பார்த்தார், சிவப்புப் பொத்தானை அமுக்கி விடுவித்துப் பார்த்தார். மார்னி கூடவே போனாள். அவள் எதையும் விளக்கவில்லை. நாலாவது விமானத்திலிருந்து அவர் இறங்கியபோது முழங்கையெல்லாம் கிரீஸ்.

"இது நாலும் சுத்தமான வேலை," என்றார். "உரிமத்தைப் பறிக்க மாட்டேன். அறுவடை முடியற வரைக்கும் நீங்க எந்த பிளேனையும் தொடக் கூடாது. கையெழுத்தும் கூடாது."

"அறுவடை வரைக்குமா?" ஸ்டப்ஸ் உள்ளேயிருந்து கத்தினார். "அப்ப எங்க பிளேனை யாரு பார்க்கறது?"

"இவங்க தனியா நின்னப்பவே நீங்க அதை யோசிச்சிருக்கணும்," என்றார் டோலன்.

ஹேங்கர் குத்தகை பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அறுவடைக்குப் பிறகு அவள் அங்கே இல்லாவிட்டால் தங்கள் விமானங்கள் தரையிலேயே கிடக்கும் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருந்தது.

கடைசியாக ஹாப்குட் வந்தார். தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது.

"மார்னி, தடை முடிஞ்சதும் எனக்கு ஒண்ணு போட்டுக் கொடு. அசலு. கை காலோட."

"பயம்னீங்களே, கேப்டன்."

"பயம்தான்," என்றார். அன்று முழுவதும் அவர் இவ்வளவு சின்னதாகப் பேசி நெவில் கேட்கவில்லை.

மார்னி கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"முதல்ல அந்தப் பொம்மையைக் கழட்டுங்க. எனக்குத் தொட அனுமதியில்ல."

ஹாப்குட் சுற்றிலும் பார்த்தார். யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை. சிலர் ரொட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உடைந்த மூக்கைச் சுற்றி நடந்து, கேப்டன் தன் விமானத்தில் ஏறினார். திருகாணியை எந்தப் பக்கம் சுற்றுவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.